ஆக்கியோன் பெயர்

தறி பார்க்கப் போன நாம் செயற்கை நுண்ணறிவைப் பற்றிக் கட்டுரை எழுத நேருமென்று நினைக்கவில்லை. ஆனால் நடந்தது அதுதான்.

பல்லாவரத்திலிருந்து பம்மல் வழியாகக் குன்றத்தூர் நோக்கிச் செல்லும் சாலையில், அடையாற்றங்கரையில் இருக்கிறது அனகாபுத்தூர். 2021ஆம் ஆண்டு நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது அதனுள் சேர்க்கப்பட்ட ஊர்களுள் இதுவும் ஒன்று. பேருந்தில் கடந்து செல்வோர்க்குக் கடைகளும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும் மட்டுமே கண்ணில் படும். ஆயினும் உட்தெருக்களில் தறியோசை இன்னும் முற்றாக ஓயவில்லை. வாழைநாரிலும் சணலிலும் சேலை நெய்யும் ஊர் என்று நாளேடுகள் இவ்வூரைப் பற்றி அவ்வப்போது எழுதுவதை வாசகர்கள் படித்திருக்கக் கூடும். நாம் தேடிப் போனதோ அதனினும் பழையதொரு துணியை.

நம்மை வரவேற்ற நெசவாளருக்கு எண்பதை ஒட்டிய அகவை. இரும்புப் பெட்டியின் அடியிலிருந்து, பழைய வேட்டியில் சுற்றி வைத்திருந்த ஒரு துண்டை எடுத்து விரித்தார். சிவப்பும் நீலமும் மஞ்சளும் ஒன்றையொன்று ஊடறுத்துச் செல்லும் கட்டங்கள். "இதான் சார் ரியல்," என்றார். துணியின் பெயரே அதுபோல! 'ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்ச்சீஃப்' என்பதன் முதற்சொல்லை மட்டும் இவ்வூர் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் விட்டுவிட்டது.

அவ்வேளையில்தான் கல்லூரியில் பயிலும் அவருடைய பெயரன் கைப்பேசியோடு வந்தான். 'மெட்ராஸ் கட்டம்' என்று ஏதோ ஒரு செயலியில் எழுதினானாம். நொடிப்பொழுதில் நாற்பது வடிவங்களை அது வரைந்து தந்துவிட்டதாம். ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டினான். மெய்யாகவே அழகாக இருந்தன. நாம் வியந்து நின்றதை மறைப்பானேன்? முதியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒரு படத்தை விரலால் பெரிதாக்கச் சொல்லி, ஊசி முனையைத் திரையின் மேல் வைத்து எண்ணத் தொடங்கினார்.

"இந்தக் கட்டத்துல பதினோரு இழை. பக்கத்துல ஒம்பது. அதுக்கடுத்தது பதிமூணு. இது பாவுல நிக்காது சார். பாத்து வரைஞ்சிருக்கு, எண்ணி வரையல."

பாத்து வரைஞ்சிருக்கு, எண்ணி வரையல! செயற்கை நுண்ணறிவு எவ்வாறு இயங்குகிறது என்பதை இத்துணைச் சுருக்கமாக எவரும் நமக்குச் சொன்னதில்லை. கோடிக்கணக்கான படங்களைப் பார்த்து, எந்த வண்ணத்தின் அருகே எந்த வண்ணம் வரக்கூடும் என்னும் வாய்ப்புகளைக் கற்றுக்கொண்டு, அதன்படி புதியதொரு படத்தை நிரப்புவதே அதன் வேலை. அந்தக் கோடிப் படங்களுள் இவ்வூரில் நெய்த துணியின் படமும் இருந்திருக்கலாம். இருந்திருந்தால், யாரைக் கேட்டு எடுத்தார்கள்? வீடு திரும்பும் வழியெல்லாம் இக்கேள்வியே நம்மை அரித்துக்கொண்டிருந்தது. தமிழ் படித்தவர்கள் நாம். விடை தேடவும் தமிழ்வழியேதான் போக வேண்டியிருக்கிறது.

முதலில் அந்த 'ரியல்' எப்படி வந்ததென்று பார்த்துவிடுவோம். சென்னைப் பட்டினமே துணிக்காகப் பிறந்த ஊர். 1639இல் ஆங்கிலேயக் கும்பினியார் இக்கரையில் இடம் பெற்றது இங்கு மலிவாகவும் தரமாகவும் கிடைத்த பருத்தித் துணிக்காகவே. 1734இல் ஆளுநர் ஜார்ஜ் மார்ட்டன் பிட் காலத்தில் சிந்தாதிரிப்பேட்டை உருவாக்கப்பட்டதும் நூற்போரையும் நெய்வோரையும் குடியமர்த்தத்தான். இப்பகுதித் துணிகள் கடல் கடந்து மேற்கு ஆப்பிரிக்கக் கரை வரை சென்றன. இந்தியப் பருத்தித் துணி அங்கே அடிமை வணிகத்திலும் பண்டமாற்றாகக் கைமாறியது என்பது வரலாற்றின் கசப்பான பக்கம். ஒரு கெஜச் சதுரங்களாக வெட்டிக்கொள்ளத் தக்க கட்டத்துணிக்கு 'மெட்ராஸ் கைக்குட்டை' என்று பெயர் நிலைத்தது. கைக்குட்டை என்று சொன்னாலும் தலையில் கட்டவும் இடையில் சுற்றவும் பயன்பட்டதே மிகுதி.

இன்றைய நைஜீரியாவின் கழிமுகப் பகுதியில் வாழும் கலபாரி மக்களுக்கு இது வெறும் துணியன்று. பிறப்பிலும் இறப்பிலும் இடம்பெறும் சடங்குப் பொருள். அவர்கள் இதை 'இஞ்சிரி' என்பர். அப்பெயர் இந்தியா என்னும் சொல்லோடு தொடர்புடையதாகக் கருதுவர் ஆய்வாளர். ஐரோப்பிய ஆலைகள் இதே கட்டங்களை இயந்திரத்தில் நெய்து அதே சந்தைக்கு அனுப்பியபோது, கைத்தறியில் நெய்ததைப் பிரித்துக் காட்ட 'ரியல்' என்னும் அடைமொழி தேவைப்பட்டது. துணியைத் தடவியும் முகர்ந்தும் உண்மைத் துணியைக் கண்டுகொள்வார்களாம் அம்மக்கள்.

இன்னொன்றும் செய்வார்கள். கலபாரிப் பெண்கள் இத்துணியை விரித்து வைத்து, குறிப்பிட்ட இழைகளை மட்டும் கத்தியால் அறுத்து உருவி எடுத்து, எஞ்சிய துணியில் புதியதொரு வடிவத்தைத் தோன்றச் செய்வர். 'பெலெட்டெ பிட்டெ' என்பது அக்கலையின் பெயர். அறுத்த நூல் துணி என்று பொருள். சென்னைக்காரன் நெய்த துணியிலிருந்து நூலைக் கழித்துக் கலபாரிப் பெண் ஒரு கலைப்பொருளை ஆக்குகிறாள். அது அவளுடையதே. ஆயினும் துணி எங்கிருந்து வந்தது என்பதை மறைக்கவில்லை; 'இஞ்சிரி' என்றே சொல்லுகிறாள்.

1970களில் நைஜீரியா அயல்நாட்டுத் துணி இறக்குமதியைத் தடுத்தபோது அனகாபுத்தூரின் தறிகள் பலவும் ஓய்ந்தன. வாழைநாருக்கு இவ்வூர் போனது அதற்குப் பின் வந்த கதை. அது நிற்க.

கலபாரிப் பெண் செய்வதற்கும் அந்தச் செயலி செய்வதற்கும் என்ன வேறுபாடு? இரண்டும் முன்பே உள்ள ஒன்றிலிருந்துதானே புதியதை ஆக்குகின்றன? இங்குதான் நமக்குப் பவணந்தியார் நினைவுக்கு வருகிறார். நன்னூல் நூல்களை முதல், வழி, சார்பு என மூவகையாகப் பிரிக்கிறது. வழிநூல் என்பது முதனூலின் முடிபோடு ஒத்து, வேண்டிய இடத்தில் வேறுபாடும் கூறுவது. ஆக, பிறர் நூலிலிருந்து பிறப்பது நம் மரபில் இழிவன்று. கம்பரே வழிநூல் செய்தவர்தாமே! ஆனால் அதே நன்னூல், சிறப்புப்பாயிரத்தில் சொல்லியாக வேண்டியவை இவை என்று எட்டுச் செய்திகளை அடுக்கும்போது முதலில் வைப்பது நூலைச் செய்தவன் பெயரை. இரண்டாவதாக வைப்பது நூல் வந்த வழியை. நூலின் பெயர்கூட அதற்குப் பின்னால்தான் வருகிறது. வகுப்பில் பல ஆண்டுகளாக இந்நூற்பாவை நடத்தி வருகிறோம். மாணவர்கள் மனப்பாடம் செய்து ஒப்பிப்பார்கள். நாமும் மதிப்பெண் போடுவோம். இவ்வரிசை ஏன் என்று ஒருநாளும் நாம் நின்று யோசித்ததில்லை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறோம்.

அனகாபுத்தூரிலிருந்து சில கல் தொலைவில் உள்ள குன்றத்தூர் சேக்கிழார் பிறந்த ஊர். அவர் பாடிய திருத்தொண்டர் புராணத்தின் பாடல் தொகை 4253 என்று உமாபதி சிவாசாரியர் பெயரால் வழங்கும் சேக்கிழார் புராணம் சொல்கிறது. அச்சுப் பதிப்புகளிலோ 4286 பாடல்கள். இடையில் நுழைந்த 33 பாடல்கள் யாருடையவை? பின்னால் வந்த எவரோ, சேக்கிழார் நடையை நன்கு பயின்றவர், அவர் குரலிலேயே பாடி உள்ளே வைத்துவிட்டார். தம் பெயரை எழுதவில்லை. இத்தகைய செருகல்களை 'வெள்ளி பாடல்' என்று புலவர் உலகம் அழைக்கும். கம்பராமாயணத்திற்கும் இக்கதி நேர்ந்தது. அதன் பதிப்பாசிரியர்கள் மிகைப்பாடல்கள் என்று தனியே பிரித்து வைக்க எத்துணைப் பாடுபட்டார்கள் என்பது தமிழ் படித்தோர் அறிந்ததே. ஒருவரின் நடையைக் கற்று, அவர் பாடாததை அவர் பாடியது போலப் பாடுதல் என்பது கணிப்பொறி கண்டுபிடித்த வித்தையன்று. அதைப் பிடிக்க நம் முன்னோர் வைத்திருந்த கருவி பாடல் தொகை என்னும் எண்ணிக்கை. ஊசி முனையால் இழை எண்ணிய முதியவரும் செய்தது அதுவே அல்லவா?

இனிக் கணிப்பொறியின் பக்கம் வருவோம். அதுவும் தறியிலிருந்தே தொடங்குகிறது. பிரான்சு நாட்டு லியோன் நகரத்தில் ஜோசப் மரி ஜக்கார் என்பவர் 1804ஆம் ஆண்டை ஒட்டி ஒரு பொறியை முழுமைப்படுத்தினார். அதற்கு முன் பூவேலை நெய்ய இருவர் வேண்டும்: ஒருவர் நெய்ய, மற்றொருவர், பெரும்பாலும் ஒரு சிறுவன், எந்தப் பாவு இழைகள் மேலெழ வேண்டுமோ அவற்றைப் பார்த்துப் பார்த்து இழுத்துத் தூக்க. ஜக்கார் அச்சிறுவனின் இடத்தில் துளையிட்ட அட்டைகளை வைத்தார். துளை இருந்தால் இழை எழும்; இல்லையேல் எழாது. நம் காஞ்சிபுரத்திலும் ஆரணியிலும் தறிக்கு மேலே தொங்கும் ஜக்கார்டு பெட்டியைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. லியோன் நெசவாளர்கள் பிழைப்புப் போய்விடுமென்று அஞ்சி இப்பொறிகளை உடைத்தனர் என்பதும் வரலாறு.

இந்த அட்டையைக் கண்டுதான் சார்லஸ் பாபேஜ் தம் கணக்குப் பொறிக்கும் துளையட்டை கொடுக்கலாம் என்று கருதினார். ஜக்காரின் உருவப்படத்தையே பட்டில் நெய்திருந்தார்கள். ஏறத்தாழ 24,000 அட்டைகள் அதற்குத் தேவைப்பட்டன. அப்படியொன்றைப் பாபேஜ் தம் இல்லத்தில் வைத்திருந்தார். அதை நெய்தவர் கார்க்கியா என்று பெயரும் தெரிகிறது. பாபேஜின் பொறியைப் பற்றி 1843இல் குறிப்புரை எழுதிய எய்டா லவ்லேஸ் அம்மையார், ஜக்கார் தறி பூக்களை நெய்வது போல இப்பொறி கணித வடிவங்களை நெய்யும் என்றார். ஒலிகளின் உறவுகளை அதற்குப் புரியும் விதத்தில் எழுதித் தர முடிந்தால் அது இசையும் அமைக்கலாம் என்றார். அதே மூச்சில், இது தானாக எதையும் தோற்றுவிப்பதாக உரிமை பாராட்ட முடியாது, நாம் இடும் கட்டளையையே செய்யும் என்றும் எழுதினார். பாபேஜின் பொறி முழுமையாகக் கட்டப்படவே இல்லை. இல்லாத பொறியைப் பற்றி ஓர் அம்மையார் எழுதியதைத்தான் நூற்றெண்பது ஆண்டுகள் கழித்து நாம் இன்னும் வாதிட்டுக்கொண்டிருக்கிறோம்!

இசையைக் குறிப்பிட்டதால் அதையே முதலில் எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் இந்தத் தொழில்நுட்பம் பொதுமக்கள் காதில் விழுந்தது பாட்டின் வழியாகத்தான்.

1902ஆம் ஆண்டு நவம்பரில் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடியதை இசைத்தட்டில் பதிந்தபோது, பாட்டு முடிந்ததும் அவர் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்லுவார். தட்டு அச்சாவது செர்மனியின் ஹனோவர் நகரில். அங்குள்ளோர் எது யார் பாட்டென்று அறிய வேண்டுமே, அதற்காக. ஆக்கியோன் பெயர்! பிறகு திரைப்படம் பேசத் தொடங்கியது. தமிழில் 1938இல் வெளிவந்த நந்தகுமார் படத்தில் லலிதா வெங்கடராமன் பின்னணி பாடினார். உடல் ஒருவருடையது, குரல் மற்றொருவருடையது என்னும் ஏற்பாடு அவ்வாறு நம்மிடையே வந்தது. பாடியவர் பெயர் தட்டில் வர வேண்டும் என்பதுகூட எளிதில் கிடைத்ததன்று. 1949இல் வந்த மகல் என்னும் இந்திப் படத்தின் புகழ்பெற்ற பாடலுக்கு இசைத்தட்டில் முதலில் அச்சானது லதா மங்கேஷ்கரின் பெயரன்று. படத்தில் வரும் பாத்திரமான 'காமினி'யின் பெயர்.

இப்போது 2024க்கு வருவோம். அவ்வாண்டு பிப்ரவரியில் வெளியான லால் சலாம் படத்தில் 'திமிரி எழுடா' என்னும் பாடல். பாடகர் வரிசையில் பம்பா பாக்கியாவும் சாகுல் ஹமீதும். பம்பா பாக்கியா 2022 செப்டம்பரில் மறைந்துவிட்டார். சாகுல் ஹமீது 1990களின் பிற்பகுதியிலேயே சாலை விபத்தில் போய்விட்டார். இருவர் குரலையும் செயற்கை நுண்ணறிவால் மீட்டெடுத்தார் ஏ.ஆர். ரகுமான். இருவர் குடும்பத்தாரிடமும் இசைவு பெற்றதாகவும், உரிய ஊதியம் வழங்கியதாகவும் அவரே வெளிப்படையாகத் தெரிவித்தார். பெயரைச் சொன்னார், வழியையும் சொன்னார். பவணந்தியார் கணக்கில் இது குற்றமற்ற வழிநூல்.

ஆயினும் அப்பாட்டைக் கேட்டபோது நமக்கு ஏற்பட்ட உணர்வு ஒருவகை அல்ல, இருவகை. சாகுல் ஹமீதின் குரல் காதில் விழுந்த கணத்தில் மெய் சிலிர்த்தது உண்மை. 1993இல் திருடா திருடா படத்தில் அவர் பாடிய 'ராசாத்தி' பாடலை அக்கால மாணவர்களாகிய நாம் எத்தனை முறை கேட்டிருப்போம்! இசைக்கருவி ஏதுமின்றி மனிதக் குரல்களை மட்டும் கொண்டு அமைந்த பாட்டு அது. கருவியே வேண்டாமென்று பாடிய குரல் இன்று தானே ஒரு கருவியாகிவிட்டதை எண்ணும்போது சிலிர்ப்பு சற்றே அடங்குகிறது. உயிரோடுள்ள பாடகர் ஒரு மெட்டைப் பிடிக்கவில்லை என்று சொல்லலாம். ஒரு சொல்லைப் பாட மாட்டேன் என்று எழுந்து போகலாம். குடும்பத்தார் குரலுக்குத் தந்த இசைவுக்குள் இந்த மறுக்கும் உரிமையும் அடங்குமா? அன்போடும் நேர்மையோடும் செய்யப்பட்ட செயலிலேயே இந்தக் கேள்வி எஞ்சுகிறதென்றால், ஏனையவற்றை என்னென்பது?

அதே ஆண்டு சூனில் 'சின்னச் சின்னக் கண்கள்' பாடல் வந்தது. சனவரி 25ஆம் நாள் இலங்கையில் மறைந்த பவதாரிணியின் குரலை, அவர் தம்பி யுவன் சங்கர் ராஜா, 'கோட்' படத்துக்காக மீட்டிருந்தார். உடல் நலம் பெற்றுத் திரும்பியதும் அக்காவைப் பாட வைக்கலாமென்று எண்ணியிருந்த பாட்டு அது என்று யுவன் சொன்னார். இதை நாம் ஆராயப் புகவில்லை. தம்பி அக்காளுக்குச் செய்ததில் நமக்கு என்ன வேலை? தொழில்நுட்பத்தைப் பற்றி ஒன்றுமட்டும் சொல்லலாம். இத்தகைய குரல்மாற்றத்தில் பெரும்பாலும் உயிரோடுள்ள ஒருவர் முதலில் பாட்டை முழுவதும் பாடித் தர வேண்டும். இழைவும் தாளமும் மூச்சும் அவருடையவை. மேலே போர்த்தும் குரல்வண்ணம் மறைந்தவருடையது. அந்த அடிப்படைக் குரலுக்கு உரியவர் பெயர் பாட்டின் உறையில் இடம்பெறாவிட்டால், 1949இன் 'காமினி' வேறு வேடத்தில் திரும்பி வந்துவிட்டாள் என்றே பொருள்.

பெயர் சொல்லாமலும் கேளாமலும் செய்தவர்களும் உண்டு. 2020 செப்டம்பரில் மறைந்த எஸ்.பி. பாலசுப்பிரமணியத்தின் குரலை, 2023இல் வெளியான கீடா கோலா என்னும் தெலுங்குப் படத்தில் தங்கள் இசைவின்றிச் செயற்கையாக உருவாக்கிப் பயன்படுத்தியதாக அவர் குடும்பத்தார் சட்ட அறிவிக்கை அனுப்பினார்கள். 2024 சூலையில், பாடகர் அரிஜித் சிங்கின் குரலைப் போலி செய்யும் தளங்களுக்கு எதிராகப் பம்பாய் உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் செய்த திருத்தம், நிகழ்த்துநருக்குத் தம் பெயரால் அறியப்படும் உரிமையையும், தம் நிகழ்த்துகையைச் சிதைப்பதை எதிர்க்கும் உரிமையையும் தருகிறது. ஆனால் அது பாதுகாப்பது பாடிய பாட்டை. பாடாத பாட்டை அவர் குரலில் பாட வைத்தால்? சட்ட வல்லுநர்கள் விளக்கட்டும், நாம் தமிழாசிரியர்கள்.

தமிழாசிரியர் என்ற முறையில் நம்மை மிகவும் உறுத்தியது 2025இல் நடந்த வேறொன்று. தனுஷ் நடித்து 2013இல் வந்த ராஞ்சனா என்னும் இந்திப் படம் தமிழில் அம்பிகாபதி என்னும் பெயரில் வெளியாயிற்று. 2025 ஆகஸ்டு முதல் நாள் இத்தமிழ் வடிவம் மீண்டும் திரைக்கு வந்தபோது, நாயகன் இறக்கும் முடிவை மாற்றி, அவன் கண் விழித்துப் பிழைப்பதாகச் செயற்கை நுண்ணறிவால் காட்சி அமைத்திருந்தார்கள். இயக்குநர் ஆனந்த் எல். ராய் தம்மைக் கேட்கவே இல்லை என்று கண்டித்தார். தனுஷும் படத்தின் உயிரே போய்விட்டதென்று வருந்தி அறிக்கை வெளியிட்டார். உரிமை எங்களுடையது, மாற்றும் அதிகாரம் உண்டு என்பது தயாரிப்பு நிறுவனத்தின் வாதம்.

அம்பிகாபதி என்னும் பெயருள்ள கதைக்கா இன்பமுடிவு! கம்பர் மகன் அம்பிகாபதி சோழன் மகள் அமராவதியைக் காதலித்த செவிவழிக் கதையை அறியாத தமிழர் இலர். சிற்றின்பம் கலவாமல் நூறு பாட்டுப் பாடினால் பிழைக்கலாம் என்று அரசன் சொல்ல, கடவுள் வாழ்த்தையும் கணக்கில் சேர்த்துவிட்ட அமராவதி தொண்ணூற்றொன்பதாம் பாட்டிலேயே நூறு முடிந்ததென்று எட்டிப் பார்க்க, அவளைக் கண்டவன் அவளையே பாட, உயிர் போயிற்று. இக்கதை வரலாறன்று என்பதை நாம் வகுப்பில் சொல்லத் தவறுவதில்லை. ஆனால் ஒரு பாட்டு எண்ணிக்கையில் குறைந்ததால் ஓர் உயிர் போகிறது என்று கதை கட்டிய மரபு, பாட்டின் தொகையை எத்துணைப் பெரிதாக எண்ணியிருக்க வேண்டும்! அந்தப் பெயரைத் தாங்கிய படத்தின் முடிவில், செய்தவனைக் கேளாமல், ஒரு வெள்ளி பாடலைச் செருகிவிட்டார்கள்.

ஓவிய உலகைப் பற்றி ஒரு சொல். 2018 அக்டோபரில் நியூயார்க்கில் கிறிஸ்டி ஏல நிறுவனம் 'எட்மண்ட் டி பெலமி' என்னும் பொறிவரை ஓவியத்தை 4,32,500 டாலருக்கு விற்றது. ஓவியன் கையொப்பமிட வேண்டிய மூலையில் ஒரு கணிதச் சூத்திரம் இருந்தது. அதை உருவாக்கிய பிரெஞ்சுக் குழுவினர் ராபி பராட் என்னும் இளைஞர் பொதுவில் வைத்திருந்த நிரல்களைப் பயன்படுத்தியது அப்போது பெரும் சர்ச்சையாயிற்று. சூத்திரம் கையெழுத்திட்டது, இளைஞன் பெயர் மூலையில் இல்லை. அதற்குச் சில வாரங்கள் முன்புதான் தில்லியில் நேச்சர் மோர்ட் கலைக்கூடம் செயற்கை நுண்ணறிவு ஓவியங்களுக்கென்றே ஒரு கண்காட்சி நடத்தியிருந்தது. அதில் பங்கேற்ற ஹர்ஷித் அகர்வால் போன்ற இந்தியக் கலைஞர்கள் பொறியைத் தம் தூரிகையாகக் கருதி இன்றும் படைத்து வருகிறார்கள். அவர்களைப் பழிக்க நமக்கு மனமில்லை. கலபாரிப் பெண்ணின் கத்தியும் ஒரு கருவிதானே.

இவ்வளவும் எழுதிய பின், நம் சினத்தையே சற்று ஐயுற வேண்டியிருக்கிறது. மீண்டும் அனகாபுத்தூருக்குப் போனோம். இம்முறை நாம் கேட்க எண்ணிய கேள்வி ஒன்றுதான்: கப்பலேறிய அந்த 'ரியல்' துணியில் நெய்தவர் பெயர் எங்கே இருக்கும்?

முதியவர் நம்மை ஒருமாதிரியாகப் பார்த்தார். "பேரா? ஏற்றுமதி பண்றவரு சீட்டு ஒட்டுவாரு. அதுல அவுங்க முத்திரை இருக்கும். நாங்க கூலிக்கு நெய்றவங்க சார்."

உண்மைத் துணி என்று முகர்ந்து அறிந்த கலபாரி மக்களும் அதை நெய்த ஒருவர் பெயரையும் அறிந்திருக்க வழியில்லை. ஊரின் பெயர் போயிற்று. அதுவும் மெட்ராஸ் என்றுதான் போயிற்று, அனகாபுத்தூர் என்றன்று. பக்கத்துப் பல்லாவரத்தில் 1863ஆம் ஆண்டு மே மாதம் இராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டெடுத்த கற்காலக் கருவி உலகப் புகழ் பெற்றது. கண்டெடுத்தவர் பெயரும் நிலைத்தது. அதைச் செதுக்கியவனை நாம் கேட்பதில்லை, சரி, அது எட்டாத காலம். இவரோ நம் எதிரே அமர்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருக்கிறார். பாடகருக்கும் நடிகருக்கும் நீதிமன்றம் உண்டு. அவர்கள் குரலைக் கேட்டால் ஊர் அடையாளம் சொல்லும். இவர் போட்ட கட்டத்தைப் பொறி கற்றுக்கொண்டால், இது என்னுடையது என்று எந்த ஏட்டைக் காட்டி வழக்காடுவார்? கற்றுக்கொள்வதற்கு முன்பே பெயர் அழிந்துபோன இடத்தில் திருட்டு என்று எதைச் சொல்வது? பொறியின் மேல் வழக்குத் தொடுக்கும் நாம், அந்தச் சீட்டை ஒட்டிய காலத்தின் மேலும் தொடுத்தாக வேண்டும்.

பெயரன் அன்றும் இருந்தான். முதியவர் தாமாகவே, "அந்த நாப்பதுல ஒண்ணு இருந்துச்சே, கடுகுக் கலரு பக்கத்துல நீலம் வந்தது, அத எடு," என்றார். பார்த்தார். பழுப்பேறிய ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். ஐம்பது ஆண்டுக்கும் மேலாக அவர் நெய்த கட்டங்களின் இழைக்கணக்கு அதில் இருந்தது. நிறத்தின் முதலெழுத்தும் எண்ணும் மட்டும், வரிவரியாக. புதிய பக்கத்தில் எழுதத் தொடங்கினார். பதினொன்றையும் ஒன்பதையும் பதிமூன்றையும் அடித்துவிட்டு எல்லாவற்றையும் பன்னிரண்டாக்கினார். ஓரத்துக்கு எட்டு இழை கூட்டினார். நடுவில் பொறி தராத ஒரு மெல்லிய சிவப்புக் கோட்டைத் தாமே சேர்த்தார். கூட்டிப் பார்த்தார், கணக்கு நின்றது.

"இப்ப இது யாருதுடா?" என்று பெயரனைக் கேட்டார். அவன் சிரித்தான்.

பக்கத்தின் தலைப்பில் நாளும் நூலின் நம்பரும் எழுதினார். சற்று நிறுத்தி, அதன் கீழே 'போன்ல பாத்தது' என்று எழுதினார். ஐயா, உங்கள் பெயரையும் எழுதுங்கள் என்றோம். "எதுக்கு சார், என் நோட்டுதான இது," என்று சொல்லிப் புத்தகத்தை மூடிப் பெட்டிக்குள் வைத்தார்.